இஸ்தோப்பில் பத்து நிமிடம்

(ஹட்டனில் தோட்டத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த ஒரு ஞாயிறு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு புல் விதையைப் பற்றி. நாயின் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ஏறிக்கொள்ளும் புல் விதை. இந்தத் தலைப்பைச் சொன்னதும் கூட்டத்தை ஒழுங்கு செய்த தம்பி கொஞ்சம் தயங்கினார். சம்பளம், வீட்டுக் காணி, பிள்ளைகளின் படிப்பு என்று பேச வேண்டியது மலைபோலக் கிடக்கும்போது நாயின் காது எதற்கு என்று நினைத்திருப்பார். நியாயமான தயக்கம். ஆனாலும் நான் இதைத்தான் பேசுவேன் என்று சொன்னேன். காரணத்தை நீங்களும் கேளுங்கள்.

எங்கள் லயத்தில் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். எனக்கு அப்போது பத்து வயது. டைகர் யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை, வரிசையில் இருந்த பத்துக் காம்பரா வீடுகளுக்கும் சொந்தம். விடியற்காலையில் அப்பாவோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும். அங்கிருந்து அம்மாவின் பின்னால் கொழுந்து மலைக்கு ஏறும். விறகுக்குப் போனால் விறகுக்கும் வரும். ஒரு தை மாதக் கடைசியில், மழை விட்டு மலையெல்லாம் காய்ந்து கிடந்த நாளில், முயலைத் துரத்திக்கொண்டு மானாப்புல் காட்டுக்குள் ஓடியது. திரும்பி வந்ததிலிருந்து தலையை உதறியது. உதறி உதறி, வலப்பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றது. பூச்சி புகுந்துவிட்டது என்றார்கள். பாட்டி தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடாக்கி ஊற்றினார். இரண்டு நாள் சும்மா இருந்தது. அடுத்த கிழமை காதிலிருந்து சீழ் வந்தது. வாடை தாங்காமல், வாசல் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து அதை விரட்டினோம். ஒரு சாயங்காலம் என் தங்கை பாசத்தோடு அந்தக் காதைத் தடவினாள். டைகர் அவள் கையைக் கடித்துவிட்டது.

அன்றிரவே மூன்று பேர் அதைச் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்து எல்லையில் விட்டுவிட்டு வந்தார்கள். டைகர் திரும்பி வரவே இல்லை.

அந்தக் காதுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அன்று தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு, கால்நடை வைத்தியம் படிக்கும்போது, தலையைச் சாய்த்துக்கொண்டே நின்ற ஒரு நாயை மேசைமேல் படுக்கவைத்து மயக்க மருந்து கொடுத்தார்கள். வெளிச்சம் வைத்த கருவியைக் காதுக்குள் விட்டு, நீண்ட மூக்குள்ள இடுக்கியால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார்கள். வெளியே வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு புல் விதை. விரியாத மொட்டுக் கொழுந்து அளவுதான் இருந்தது. நான் மற்ற மாணவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் கண் முன்னால் டைகர் நின்றது. அதற்கும் இதுதான் வந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகப் பட்டது.

முதலில் இந்த விதை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிள்ளைகளே, நீங்கள் ஒரு விளையாட்டு விளையாடியிருப்பீர்கள். சுனையுள்ள புல் கதிர் ஒன்றைப் பறித்து, காம்பு மேலே பார்க்கிறமாதிரி சட்டைக் கைக்குள் விடுவீர்கள். கையை ஆட்ட ஆட்ட அது ஊர்ந்து தோள்வரை ஏறிவிடும். கீழே இழுத்தால் வராது. அந்தச் சுனைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் அரம்போல் பிடிக்கும். அதனால் அசைவு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கதிர் ஒரே திசையில்தான் நகரும். நாயின் தோலிலும் இதே கதைதான். நாய் நடக்கிறது, நக்குகிறது, உதறுகிறது. ஒவ்வொரு அசைவும் விதையை இன்னும் உள்ளே தள்ளுகிறது. உள்ளே போன விதை வந்த வழியே திரும்பாது. நான் இன்றைக்குச் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

சில புல் விதைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவற்றின் வால் முறுக்கிய கயிறுபோல இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அப்படிச் சுழன்று சுழன்று கூர்முனை தரைக்குள் துளைத்துப் போகும். சார்ல்ஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1876இல் இதைப் பற்றியே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். விதை தன்னைத் தானே நட்டுக்கொள்ளும் வழி அது. மண்ணுக்காகச் செய்யப்பட்ட துளைகருவி, கம்பளி ரோமத்துக்குள் போனால் தோலையும் மண் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் ஆடு மேய்ப்பவர்கள் ஊசிப்புல் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது காய்க்கும் காலத்தில் செம்மறிகளின் தோலில் குத்தி ஏறும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தலவாக்கலைக்குப் போகும் வழியில் பத்தனை இருக்கிறது. ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கும் ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். சிங்களத்தில் பத்தன என்றால் மலைப் புல்வெளி. தேயிலை வருவதற்கு முன்னாலும், கோப்பி வருவதற்கு முன்னாலும், இந்த மலைகளில் காடும் பத்தனையும்தான் இருந்தன. புல் இங்கே நமக்கு முன்னால் வந்தது. தேயிலைக்குள் நாம் வளர்க்கும் புல்லும் உண்டு. தூர் பிடுங்கிய மலையில் மறுபடி தேயிலை நடுவதற்கு முன், பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை இது. நல்ல முறைதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மானாவின் ஓரங்களில், அதன் நிழல் விழாத கரைகளில், கூலியில்லாமல் வளர்வது வேறு புல்.

கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் கீழே இறங்கினால் நடைபாதை ஓரத்தில் ஒட்டுப்புல் இருக்கும். சிங்களத்தில் துத்திரி என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் காலுறை முழுக்க ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். மேலே நுவரெலியாப் பக்கம் ஏறினால் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாய்ப் பூக்கும் ஒரு களைச்செடி தோட்டம் முழுக்க இருக்கிறது. பூ உதிர்ந்ததும் கறுத்த ஊசிகள் ஒரு கொத்தாய் நிற்கும். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் இரண்டு மூன்று முட்கவர். அது புல் இல்லை, தென் அமெரிக்கப் பக்கமிருந்து வந்த செடி. தோலுக்குள் துளைப்பது குறைவு. ரோமத்தில் சிக்கி முடிச்சுப்போட்டு, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கண்ணோரத்திலும் கிடந்து உறுத்தும்.

எந்த மாதம் கவனம் வேண்டும்? தென்மேற்கு மழை வைகாசி கடைசியில் ஹட்டன் பக்கம் பிடித்தால் ஆவணிவரை விடாது. அந்த மழையில் புல் தழைக்கும். மார்கழி கழிந்து, சிவனொளிபாதமலைப் பருவம் நடக்கும் மாதங்களில், தையிலிருந்து பங்குனிவரை, கதிர் முற்றிக் காய்ந்து உதிரும். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு யாத்திரிகர் போகிற அதே நாட்கள். நம் நாய்களுக்குக் கெட்ட நாட்களும் அவைதான். கலிபோர்னியாவில் மே மாதத்திலிருந்து இதே தொல்லை. அங்கே நரிவால் போன்ற கதிருள்ள காட்டுப் பார்லிப் புல். அவுஸ்திரேலியாவிலும் உண்டு. நோய் ஒன்றுதான், மாதமும் புல்லும் ஊருக்கு ஊர் மாறும்.

இதில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2015இல் கிளைபோசேட் களைநாசினியை அரசாங்கம் தடைசெய்தது. வடமத்திய பக்கத்து விவசாயிகளின் சிறுநீரக நோய்க்கு அது காரணமாக இருக்கலாம் என்ற அச்சத்தில் எடுத்த முடிவு. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 2021இல் எல்லா விவசாய இரசாயனத்தையும் ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருட முடிவுக்குள் அதையும் விலக்கிக்கொண்டார்கள். அந்த வருடங்களில் மலைகள் எப்படி இருந்தன என்று இங்கே இருக்கும் தாய்மாருக்குத் தெரியும். இடுப்பளவு புல்லுக்குள் இறங்கிக் கொழுந்து எடுத்தீர்கள். அட்டை, குளவி, பாம்பு எல்லாவற்றையும் தாங்கினீர்கள். உங்களோடு மலையேறிய நாயும் அதே புல்லுக்குள்தான் நடந்தது. மருந்து அடித்த மலை நாய்க்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அடித்த ஈரம் காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடவே கூடாது. நான் சொல்ல வருவது, களை மண்டிய மலையும் கைவிடப்பட்டுக் காடாகிப்போன மலையும் இப்போது நம் லயத்துப் பின்வாசலுக்கே வந்துவிட்டன என்பதுதான்.

அந்த நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் நாய்களுக்கென்று எழுதப்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தினார். துப்பாக்கியையும் நாயையும் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அந்த நாய்களின் பெயரும் குணமும் வீரமும் அதில் இருக்கின்றன. லயத்து நாய்க்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. ஆனால் பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் இரவில் சிறுத்தைப்புலி இறங்கும்போது முதலில் குரைப்பது அதுதான். பல நேரம் முதலில் போவதும் அதுதான். மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வந்தால் எழுப்புவது அது. பிள்ளைகள் இருட்டில் பீலிக்குத் தண்ணீருக்குப் போனால் முன்னால் ஓடுவது அது. இவ்வளவு செய்யும் ஒன்றுக்கு நாம் திருப்பிச் செய்வது என்ன என்று யோசித்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இனி, நாயின் உடம்பில் இந்த விதை எங்கே எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்கிறேன். தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள். நாயோடு அதிக நேரம் இருப்பவர்கள் நீங்கள்தான்.

காதுதான் முதல். மனிதக் காதுக்குழாய் ஏறக்குறைய நேரானது. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்பும். நம் வீட்டுப் புகைபோக்கிக் குழாய் மடிகிறமாதிரி. மேலே விழுந்த விதை அந்த மடிப்பைத் தாண்டிவிட்டால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் அடியில் செவிப்பறை இருக்கிறது. விதை அதையும் துளைத்துவிடக்கூடும். புல்லுக்குள் ஓடிவந்த நாய் அன்றைக்கே, திடீரென்று, ஒரே பக்கமாகத் தலையை உதறினால், சாய்த்தால், அந்தக் காதைத் தொடவிடாமல் முனகினால், வேறு எதையும் நினைக்காதீர்கள். காதுப்பூச்சி மெதுவாக, இரண்டு காதிலும் வரும். விதை ஒரே நாளில், ஒரே காதில் வரும். எண்ணெய் ஊற்றாதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பஞ்சு சுற்றிய குச்சியை விடாதீர்கள். குச்சி விதையை இன்னும் கீழே தள்ளும். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் ஊற்றிய மருந்து நடுக்காதுக்குள் போய்விடும். எங்கள் பாட்டி ஊற்றிய எண்ணெயை நினைத்து இதைச் சொல்கிறேன். அவர் அன்பால் செய்தார். அன்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

அடுத்தது மூக்கு. இங்கேதான் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது சில நேரம் நீர் அட்டை நாயின் மூக்குக்குள் ஏறிக்கொள்ளும். தும்மும், ஒரு பக்கம் இரத்தம் வடியும். அதனால் தும்மி மூக்கில் இரத்தம் கண்டால் நம்மவர்கள் உடனே அட்டை என்று சொல்லி, மூக்குக்கு முன்னால் தண்ணீர்ச் சட்டியை வைத்து அது எட்டிப் பார்க்கும்வரை காத்திருப்பார்கள். அட்டையாக இருந்தால் நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் வடியும், நாய் மற்றபடி ஓரளவு அமைதியாக இருக்கும். விதையாக இருந்தால் தொடக்கமே வேறுமாதிரி இருக்கும். புல்லை மோந்துகொண்டிருந்த நாய் சட்டென்று தும்மத் தொடங்கி, விடாமல் பத்து, இருபது தும்மல் தும்மி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்து, தலையைத் தரையில் இடிக்கும். இரண்டு நாளில் தும்மல் நின்றுவிடும். நின்றதும் நாம் நிம்மதி அடைவோம். விதை உள்ளே நகர்ந்துவிட்டதாலும் தும்மல் நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். சில நேரம் அது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து துளைத்துக்கொண்டு முதுகெலும்போரம்வரை போனதும் உண்டு. மாதக்கணக்கில் கழித்து முதுகில் கட்டி வரும்போது யாரும் அந்தத் தும்மலை நினைப்பதில்லை.

கண்ணில் போனால் நாய் அந்தக் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும், நீர் வடியும். நாய்க்கு உள் மூலையில் மூன்றாவது இமை ஒன்று இருக்கிறது. விதை அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கருவிழியைக் கீறும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தொண்டையைப் பற்றிச் சொல்லும்போது நான் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். தொண்டையில் விதை மாட்டினால் நாய் திரும்பத் திரும்ப விழுங்கும், இருமும், எச்சில் வடிக்கும். வெறிநாய்க்கடி நோய் பிடித்த நாயும் எச்சில் வடிக்கும், விழுங்கமுடியாமல் திணறும். எலும்பு சிக்கிவிட்டது, விதை சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விட்டு, அந்த எச்சிலாலேயே நோய் வாங்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எச்சில் வடிக்கும் நாயின் வாய்க்குள் கைவிட வேண்டாம், அது எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய் என்றால் கிட்டவே போக வேண்டாம். அரசாங்கம் அந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாகக் கால். லயத்து நாய்க்கு அதிகம் வருவது இது. நாய் ஒரு கால்விரலை நக்கிக்கொண்டே இருக்கும். விரல்களுக்கு நடுவில் சிவந்து, பட்டாணி அளவு வீங்கி, உடைந்து, கொஞ்சம் சீழும் இரத்தமும் வந்து காயும். காய்ந்தபிறகு மறுபடி வீங்கும்.

இதிலே ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். அவர் வளர்த்த கறுப்பு நாய்க்கு முன்னங்காலில் இப்படித்தான். ஒருவர் ஊசி போட்டார், ஆறியது. மாதம் கழித்து வீங்கியது. இன்னொருவர் குளிசை கொடுத்தார், ஆறியது. மறுபடி வீங்கியது. மூன்றாவது தடவை அவர் நாயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சேலை முந்தானையில் அதன் காலைச் சுற்றியிருந்தார். "இது தெய்வக் குத்தமா தம்பி?" என்று கேட்டார். நான் வீக்கத்துக்கு மேலே, கணுக்காலுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய ஓட்டை விரலிடுக்கில் இருந்தது. கட்டி அதற்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது. விதை நடந்திருக்கிறது. தாவரப் பொருள் என்பதால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் கருவி இருந்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம், அன்று எங்களிடம் அது இல்லை. மயக்கம் கொடுத்துத் திறந்தோம். சீழைக் கழுவிக் கழுவித் தேடினோம். அரை மணித்தியாலம் ஒன்றும் கிடைக்கவில்லை. மூடிவிடலாமா என்று நினைத்த நேரத்தில் இடுக்கியின் நுனியில் ஏதோ கரகரத்தது. இழுத்தால் சுனையோடு முழுதாக வந்தது. வெள்ளைத் துணியில் வைத்து அக்காவிடம் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏந்தம்பி, இம்புட்டுக்காண்டு புல்லு வெதையா எங்கருப்பன நாலு மாசமாப் படுத்துச்சு?" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அவர் நாட்சம்பளக்காரர். இரண்டு தடவை ஊசிக்கும் குளிசைக்கும் கொடுத்த காசு, ஆட்டோ பிடித்த காசு, வேலைக்குப் போகாமல் போன நாட்கள் எல்லாவற்றையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்த நாட்சம்பளத்தில், மயக்கம் கொடுத்துச் செய்யும் ஒரு சத்திரசிகிச்சை என்பது சின்னக் காரியம் இல்லை. பிரதேசத்துக்குப் பிரதேசம் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது, ஆனால் அங்கே மாட்டு வேலையே தலைக்கு மேல் கிடக்கும். பெரிய கருவியெல்லாம் வேண்டுமென்றால் நாவலப்பிட்டி, கம்பளை வழியே பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய போதனா ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆகவே நம் மலையில் இந்த வியாதிக்கு மருந்து வராமல் தடுப்பதுதான். அது நம் கையில் இருக்கிறது, செலவும் இல்லை.

மருந்து ஆறவைத்து, நிறுத்தியதும் திரும்பி வரும் புண் எதுவானாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். நாய் எப்போது புல்லுக்குள் ஓடியது, எந்த மலை, எத்தனை நாள் என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பனடோலைக் கொடுக்காதீர்கள். நமக்கு ஆகும் வலிமாத்திரை நாயின் ஈரலையும் குடலையும் கெடுக்கும்.

இப்போது தடுப்பு. மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் என்ன செய்கிறீர்கள்? கூடையை இறக்கிவைத்து, படங்கை அவிழ்த்து உதறி, பீலியில் காலைக் கழுவி, குனிந்து விரலிடுக்கெல்லாம் பார்த்து அட்டையைப் பிடுங்கிப் போடுகிறீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களின் காலையும் பார்க்கிறீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை, அம்மா செய்ததைப் பார்த்து வந்த பழக்கம். அந்த வரிசையில் நாயையும் நிறுத்துங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்து நிமிடம்.

எப்படிப் பார்ப்பது? ஒருவர் நாயின் தலையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருக்கட்டும். முதலில் காது மடலைத் திருப்பிப் பாருங்கள், ஓரத்து ரோமத்தையும் பாருங்கள். பிறகு கண்ணோரம், தாடையின் கீழ். ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரல்களை விரித்து, நடுவில் விரல்நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். கொழுந்து பறித்துப் பழகிய உங்கள் விரலுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை. அக்குள், அடிவயிறு, வாலுக்குக் கீழ், ஆண் நாயானால் சிறுநீர் கழிக்கும் இடத்தின் உறை. ரோமத்தில் இருக்கும் விதையைச் சாதாரணச் சீப்பால் வாரி எடுங்கள். தோலில் குத்தி நுனி வெளியே நிற்கிறது என்றால் இடுக்கியால் நுனியைப் பிடித்து, போன திசைக்கு நேர் எதிராக மெதுவாக இழுங்கள். முறிந்துவிட்டால் தோண்டாதீர்கள், கொண்டுவாருங்கள். நாய்க்கு வலி கூடுதலாக இருந்தால் ஒரு துணிப்பட்டையை அதன் மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சும், தாடைக்குக் கீழே ஒன்றும், காதுக்குப் பின்னால் ஒன்றும் கட்டிவிட்டுப் பாருங்கள். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் அப்படிக் கட்டக் கூடாது.

தை பிறந்ததும் விரலிடுக்கு ரோமத்தையும் காதைச் சுற்றிய ரோமத்தையும் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிடுங்கள். நுவரெலியாப் பக்கம் இப்போது சடை நாய்களும் கலப்பு நாய்களும் லயங்களுக்கும் வந்துவிட்டன. காது தொங்குகிற, ரோமம் அடர்ந்த நாய்க்கு இது கட்டாயம்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை, ஆண்களுக்கு. லயத்தைச் சுற்றியுள்ள புல்லையும், பீலிக்குப் போகும் பாதையோரத்தையும், பிள்ளைகள் விளையாடும் மைதானத்தையும் கதிர் முற்றுவதற்கு முன்னால் வெட்டுங்கள். பூ வைத்தவுடன் வெட்டினால் விதை இல்லை. காய்ந்தபிறகு வெட்டினால் விதையை நீங்களே விதைத்துவிடுகிறீர்கள். சுரண்டியால் மண்ணோடு வழித்தெடுக்க வேண்டாம். சுரண்டிச் சுரண்டித்தான் இந்த மலைகளின் மேல்மண் ஆற்றோடு போனது. கத்தியால் வேரை விட்டு வெட்டினால் போதும். வெட்டிய புல்லை நாய் படுக்கும் இடத்தில் பரப்பாதீர்கள், குப்பைக் குழியில் போடுங்கள். ஒரு லயத்துக்கு ஒரு சனிக்கிழமை, வருடத்துக்கு இரண்டு தடவை. தோட்ட நிர்வாகம் இதற்கு ஒரு கத்திக்காரரைக் கொடுத்தால் நன்றி. கொடுக்காவிட்டாலும் நம் வாசல் நம்முடையது.

ஊர் நாயை யார் பார்ப்பது என்று ஒரு பிள்ளை என்னிடம் முன்பு கேட்டது. பத்துக் காம்பராவுக்கும் சொந்தமான நாயை யாருமே பார்ப்பதில்லை, டைகருக்கு நடந்தது அதுதான். ஆகவே காம்பராவுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே, அந்த முறைப் பட்டியலை நீங்கள் எழுதி இஸ்தோப்புச் சுவரில் ஒட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் தனியாக நாயின் காலைத் தூக்க வேண்டாம்.

பேசி முடிக்க நேரம் ஆகிவிட்டது. கடைசி பஸ் போவதற்குள் நீங்களும் இறங்க வேண்டும். இது மாசி மாதம், மலையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வரும். சோற்றை வைப்பதற்கு முன்னால் அதன் காதைத் திருப்பிப் பாருங்கள், நான்கு காலையும் தூக்கிப் பாருங்கள். நாளைக்கும் பாருங்கள்.